ஒரு கூடு, நான்கு எஞ்சின்கள்

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிய செவ்ரலே கமேரோ வாங்கப் போனவர் காரைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. ஒரு நீண்ட பட்டியலையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். எஞ்சின், கியர், பிரேக், இருக்கைத் துணி என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு குறியீட்டு எண் இருந்தது. இசட்22 என்று எழுதினால் முகப்பு விளக்குகளை மூடி மறைக்கும் ‘ராலி ஸ்போர்ட்’ அலங்காரம் கிடைக்கும். இசட்27 என்றால் ‘சூப்பர் ஸ்போர்ட்’, சுருக்கமாக எஸ்எஸ். பட்டியலில் அடுத்து இசட்28. முதல் இரண்டுக்கும் விளம்பரத்துக்கு ஏற்ற பெயர் இருந்தது. மூன்றாவதற்குப் பட்டியல் எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு சாய்கோடு சேர்ந்து இசட்/28 ஆனது. டோக்கன் எண்ணே ஆளுக்குப் பெயரான கதை.

கார்ப் பிரியர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கேள்வியை வைத்துச் சண்டை போடுகிறார்கள்: எஸ்எஸ் உசத்தியா, இசட்/28 உசத்தியா? பெரிய எஞ்சின் வைத்ததுதான் நிஜமான கமேரோ என்று ஒரு கட்சி. சிறிய எஞ்சினை உச்ச வேகத்தில் சுழலவிடுவதுதான் வித்தை என்று எதிர்க்கட்சி. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதைவிட, இதை ஓர் இயற்பியல் பாடமாகப் பார்ப்பதில் நமக்கு லாபம் அதிகம்.

இரண்டு வெவ்வேறு கார்களை ஒப்பிடுவது எப்போதுமே தொல்லை. எடை, நீளம், காற்றைக் கிழிக்கும் வடிவம் எல்லாமே மாறும். எதனால் எது வேகமாகப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1969 கமேரோவில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. கூடு ஒன்று. முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லாவற்றிலும் 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர். முக்கியமாக மாறியது எஞ்சினும் அதைச் சார்ந்த சில உறுப்புகளும்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்பது சோதனைச்சாலையின் முதல் விதி. செவ்ரலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன்னை அறியாமலே அந்தச் சோதனையைச் சாலையில் நடத்திவிட்டது.

நால்வர் அறிமுகம்

அமெரிக்கர்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொன்ன காலம் அது. ஒரு கன அங்குலம் என்பது நம் கணக்கில் 16.4 சிசி. அந்த ஆண்டின் கமேரோக்களில் நமக்கு வேண்டியவர்கள் நான்கு பேர். நால்வரும் வி8, அதாவது இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர் கொண்டவர்கள்.

எஸ்எஸ் 350: கொள்ளளவு 5.7 லிட்டர், அறிவிக்கப்பட்ட திறன் 300 குதிரைத்திறன்.

எஸ்எஸ் 396: 6.5 லிட்டர். இதற்குள்ளேயே 325, 350, 375 குதிரைத்திறன் என மூன்று தரங்கள்.

இசட்/28: 302 கன அங்குலம், 4.9 லிட்டர், 290 குதிரைத்திறன்.

இசட்எல்1: 427 கன அங்குலம், 7 லிட்டர், 430 குதிரைத்திறன். எஞ்சின் முழுக்க அலுமினியம்.

பட்டியலை மட்டும் பார்த்தால் இசட்/28 கடைசி பெஞ்சு மாணவன். நால்வரில் மிகச் சிறிய எஞ்சின், மிகக் குறைந்த திறன். ஆனால் 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரின் உற்பத்தியாளர் பட்டத்தை செவ்ரலேவுக்குப் பெற்றுத்தந்தது இந்தக் கடைசி பெஞ்சுதான். 1968-இல் நடந்த 13 பந்தயங்களில் 10-ஐ ரோஜர் பென்ஸ்கி அணியின் மார்க் டோனஹ்யூ வென்றார். டோனஹ்யூ ஓட்டுநர் மட்டுமல்ல, இயந்திரப் பொறியியல் படித்தவரும்கூட. அந்தப் படிப்பு இந்தக் காருக்குத் தேவைப்பட்டது.

கிணறும் வாளியும்

பெட்ரோல் எஞ்சின் அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. காற்றை இழுக்கிறது, பெட்ரோலோடு கலந்து எரிக்கிறது, எரிந்ததை வெளியே தள்ளுகிறது. எரிவதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆகவே ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதே எஞ்சினின் திறனுக்கு முதல் எல்லை.

கிணற்றில் இருவர் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பெரிய வாளி, நிதானமாக இறைக்கிறார். இன்னொருவரிடம் சிறிய வாளி, ஆனால் கை வேகம் அதிகம். யாருடைய தொட்டி முதலில் நிறையும்? வாளியின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை முறை இறைத்தார் என்பதையும் கேட்க வேண்டும். எஞ்சினில் கொள்ளளவு என்பது வாளி. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, அதாவது ஆர்பிஎம், கை வேகம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 350 குதிரைத்திறன் கொண்ட 396 எஞ்சின் தன் உச்சத் திறனை 5,200 சுற்றில் எட்டுவதாக நிறுவனம் சொன்னது. 6.49 லிட்டரை 2,600-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,900 லிட்டர் காற்று. இசட்/28-இன் 302 எஞ்சினோ 7,000 சுற்று வரை சுழலக்கூடியது. 4.94 லிட்டரை 3,500-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17,300 லிட்டர். சிறிய வாளிக்காரர் முந்திவிட்டார்.

இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் ஒவ்வொரு வாளியும் விளிம்பு வரை நிறைவதில்லை. சுழற்சி கூடக்கூட, காற்று உள்ளே போகக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அரை வாளித் தண்ணீரோடு கயிற்றை இழுத்தால் வேகத்தால் என்ன பயன்? ஆகவே சிறிய எஞ்சின் பெரியதோடு போட்டி போட வேண்டுமென்றால் இரண்டு சிக்கல்களைத் தீர்க்க வேண்டும். உடையாமல் வேகமாகச் சுழல வேண்டும். அந்த வேகத்திலும் வாளி நிறைய வேண்டும்.

முன்னூற்றைந்துக்குள் ஓர் எஞ்சின்

இவ்வளவு சிரமப்பட்டுச் சிறிய எஞ்சினை ஏன் செய்ய வேண்டும்? காரணம் அறிவியல் அல்ல, விதிமுறை. 1966-இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவு 305 கன அங்குலத்தை, அதாவது 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. கமேரோ சந்தைக்கு வந்தது 1966 செப்டம்பர் இறுதியில். இரண்டரை ஆண்டு முன்னதாக வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த ஃபோர்டு மஸ்டாங்கைப் பந்தயத்திலும் எதிர்கொள்ள வேண்டும். ஆனால் செவ்ரலேவிடம் கையிருப்பில் இருந்தவை ஒன்று 283, இன்னொன்று 327. முதலாவது விதிக்கு உட்பட்டது, ஆனால் வாய்ப்பை வீணாக்குவது. இரண்டாவது விதியைத் தாண்டுவது.

செவ்ரலேவின் வின்ஸ் பிக்கின்ஸ் முன்னெடுத்த இந்தக் காருக்குக் கிடைத்த தீர்வு, இரண்டு எஞ்சின்களையும் கலப்பது. 327-இன் சிலிண்டர் கட்டை, அதன் துளை விட்டம் 4 அங்குலம். அதற்குள் 283-இன் கிராங்க் ஷாஃப்ட் அளவு, அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3 அங்குலம். கணக்குப் போட்டால் வருவது 302. விதிக்கு மூன்று கன அங்குலம் உள்ளே. 1967-இல் 602 கார்கள் மட்டுமே செய்தார்கள்.

விதிக்காகச் செய்த இந்தக் கலப்பில் இயற்பியல் ஒரு பரிசை ஒளித்துவைத்திருந்தது. துளை அகலம், பிஸ்டனின் ஓட்டம் குட்டை. பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடியும் மேலே போக வேண்டும். ஓட்டம் குட்டையாக இருந்தால் அதே சுற்று வேகத்தில் பிஸ்டனின் வேகம் குறையும். 302 எஞ்சின் 7,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.8 மீட்டர். 427 எஞ்சினின் ஓட்டம் 3.76 அங்குலம். அது அதே 7,000 சுற்றைத் தொட்டால் அதன் பிஸ்டன் விநாடிக்கு 22.3 மீட்டர் ஓட வேண்டும். இரண்டுக்கும் பிஸ்டன் வேகம் சமமாக இருக்க வேண்டுமென்றால் 427 ஏறத்தாழ 5,600 சுற்றில் நின்றுகொள்ள வேண்டும்.

வேகத்தைவிடக் கொடியது நின்று திரும்பும் கணம். 7,000 சுற்றில் 302-இன் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 2,600 மடங்கு. அந்தக் கணத்தில் அரைக் கிலோ எடையுள்ள பொருள் 1,300 கிலோ எடைபோல் இழுக்கும். அந்த இழுவை முழுவதையும் தாங்குவது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. இது விநாடிக்கு நூறு முறைக்கு மேல் நடக்கிறது. பெரிய எஞ்சினை இதே சுற்றுக்குக் கொண்டுபோனால் இழுவை இன்னும் 30 சதவீதம் கூடும், பிஸ்டனும் கனமானது. குட்டை ஓட்டத்தின் அருமை இங்கேதான் தெரியும்.

முப்பது-முப்பது

அடுத்த சிக்கல் வாளியை நிறைப்பது. காற்று உள்ளே வரும் வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேம் ஷாஃப்ட்டின் மேடுகள் தீர்மானிக்கின்றன. 302-க்குக் கிடைத்த கேம் ஷாஃப்ட்டை ‘முப்பது-முப்பது’ என்றே மெக்கானிக்குகள் அழைத்தார்கள். காற்று வரும் வால்வு, புகை போகும் வால்வு இரண்டுக்கும் விடவேண்டிய இடைவெளி 0.030 அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. கார்வெட் காரின் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவின் பெயரும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் கேம் வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும். வேகமாகச் சுழலும்போது இது வரம். உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த உந்தத்தில் காற்று தொடர்ந்து உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். சாத்தப்போகும் பேருந்துக் கதவுக்குள் கடைசி ஆள் ஓடிவந்து ஏறுவதுபோல. மெதுவாகச் சுழலும்போது அதே ஏற்பாடு சாபமாகிறது. காற்றுக்கு உந்தம் இல்லை, கதவு மட்டும் திறந்திருக்கிறது. மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையும் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் இசட்/28 சிக்னலில் நிற்கும்போது உடம்பு குலுங்கக் கனைக்கும். 4,000 சுற்றுக்குக் கீழே மந்தமாக இருக்கும். அதைத் தாண்டியதும் வேறொரு காராகிவிடும்.

கேம் மேட்டின் அசைவை வால்வு நோக்கிக் கடத்தும் டாப்பெட்டிலும் வேறுபாடு உண்டு. 325, 350 குதிரைத்திறன் கொண்ட 396 எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட். சத்தம் இல்லை, பராமரிப்புத் தொல்லை இல்லை. ஆனால் சுற்று மிக உயரும்போது அது வால்வைச் சரியாக மூடவிடாது. 302-இலும் 375 குதிரைத்திறன் கொண்ட 396-இலும் திடமான டாப்பெட். டிக் டிக்கென்று ஓசை, அவ்வப்போது இடைவெளியைச் சரிபார்க்கும் வேலை, பதிலுக்கு உயர்ந்த சுற்று. இசட்/28-ஐ ஆட்டோமேட்டிக் கியரோடு வாங்க முடியாது, ஏசியோடும் வாங்க முடியாது. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பதில் நிறுவனத்துக்குக் குழப்பமே இல்லை.

சக்கரம் சொல்லும் கணக்கு

இப்போது பெரிய எஞ்சின் கட்சியின் வாதத்தைக் கேட்போம். சாலையில் யார் 7,000 சுற்றில் ஓட்டப்போகிறார்கள்? காலை வைத்ததும் கார் பாய வேண்டும். அதற்கு வேண்டியது முறுக்குவிசை.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முறுக்குவிசை என்பது கிராங்க் ஷாஃப்ட்டைத் திருகும் பலம். திறன் என்பது அந்தப் பலத்தைச் சுற்று வேகத்தால் பெருக்கி வருவது. 302 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 4,200 சுற்றில் 393 நியூட்டன்-மீட்டர். 350 குதிரைத்திறன் கொண்ட 396-க்கு 3,400 சுற்றிலேயே 563. நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிகம், அதுவும் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு எஸ்எஸ் 396 ஒரு சுகம். கியரை மாற்றாமலே முந்தலாம்.

ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பந்தயத்தில் இந்தக் கூடுதல் பலம் என்ன ஆகிறது? எஞ்சினின் முறுக்குவிசை முதல் கியரில் ஒருமுறை பெருகி, பின் அச்சின் கியரில் இன்னொருமுறை பெருகி, டயரின் ஆரத்தால் வகுபட்டுத் தரைக்கு வருகிறது. 396-க்கு முதல் கியர் விகிதம் 2.52, பின் அச்சு 3.31, டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தரையில் வந்து சேர வேண்டிய விசை ஏறத்தாழ 14,000 நியூட்டன். 302-க்கு முதல் கியர் 2.20, பின் அச்சு 3.73 என்றால் ஏறத்தாழ 9,800 நியூட்டன். வழியில் உராய்வு தின்பதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

இனி டயரைக் கேட்போம். காரின் எடை 1,600 கிலோ, அதில் 45 சதவீதம் பின் சக்கரங்களின் மேல், டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். பாயும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பின் டயர்கள் தாங்கக்கூடிய விசை 6,600 நியூட்டனைச் சுற்றித்தான். அதற்கு மேல் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுழலும், புகை வரும், கார் அந்த அளவுக்கு முன்னேறாது. 302 தருவதே இந்த எல்லைக்கு மேல். 396 தருவது அதைப்போல் இரண்டு மடங்கு. முதல் சில மீட்டருக்கு இரண்டு கார்களுக்கும் எஞ்சின் முதலாளி அல்ல, டயர்தான் முதலாளி.

கால் மைல் நேர்ப் பந்தயத்தில் இதனால்தான் இரண்டு அளவுகளைக் குறிப்பார்கள். ஒன்று, எத்தனை விநாடியில் முடித்தது. இன்னொன்று, கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம். விநாடிக் கணக்கைப் பெரும்பாலும் தொடக்கத்தின் பிடிமானம் தீர்மானிக்கும். கடைசி வேகத்தை எஞ்சினின் திறனும் காரின் எடையும் தீர்மானிக்கும். மோசமாகக் கிளம்பிய பலசாலி, விநாடியில் தோற்று வேகத்தில் ஜெயிப்பான். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு ஓட்டுநரையும் எஞ்சினையும் தனித்தனியே எடைபோட முடியும்.

மூக்கின் சுமை

பந்தயப் பாதை நேராகவே போவதில்லை. வளைவு வந்ததும் இன்னொரு எண் பேசத் தொடங்குகிறது: எஞ்சினின் எடை. வார்ப்பிரும்பில் செய்த 396-இன் எடை, 302-ஐவிட ஏறத்தாழ 50 கிலோ அதிகம். மொத்தக் காரின் எடையில் இது சிறு பங்குதான். ஆனால் அது உட்காரும் இடம் முன் சக்கரங்களின் மேல்.

டயரின் மேல் சுமை கூடினால் அதன் பிடிமானமும் கூடும் என்பது உண்மை. ஆனால் அதே விகிதத்தில் கூடாது. சுமை பத்து சதவீதம் கூடினால் பிடிமானம் பத்துக்குக் குறைவாகத்தான் கூடும். வளைவில் முன் டயர்களுக்குத் திருப்ப வேண்டிய எடை முழுசாகக் கூடிவிட்டது, திருப்பும் பலம் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். பிரேக்கிலும் இதே கதை. வளைவுகள் நிறைந்த பாதையில் 302 வைத்த கமேரோ 396-ஐ மிஞ்சுவதற்கு எஞ்சின் சுழல்வது பாதிக் காரணம், மூக்கு லேசாக இருப்பது மறுபாதி.

அப்படியானால் பெரிய எஞ்சினை லேசாகவே செய்துவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் இசட்எல்1. கான்-ஆம் பந்தயக் கார்களுக்கென்று உருவான 427 எஞ்சின் அது. கட்டையும் தலையும் அலுமினியம். வார்ப்பிரும்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 7.2 மடங்கு, அலுமினியத்துக்கு 2.7. அலுமினியத்துக்கு வலிமை குறைவு என்பதால் சுவர்களைத் தடிப்பாக வார்க்க வேண்டும். பிஸ்டன் உரசும் இடத்தில் இரும்பு உறைகளும் வைக்க வேண்டும். அதனால் அடர்த்தி வித்தியாசம் முழுவதும் மிச்சமாகாது. ஆனாலும் இரும்பு 427-ஐவிட ஏறத்தாழ 45 கிலோ குறைந்தது. ஏழு லிட்டர் எஞ்சின் ஐந்து லிட்டர் எஞ்சினின் எடைக்கு வந்துவிட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்த அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸே தனக்கு விதி போட்டிருந்தது. 396 என்ற எண்ணின் ரகசியமும் அதுதான். விதியைச் சுற்றிப்போக ஒரு சந்து இருந்தது: தலைமை அலுவலக உற்பத்தி ஆணை, ஆங்கிலச் சுருக்கத்தில் காப்போ. போலீஸ் கார், டாக்சி போன்றவற்றை மொத்தமாக வாங்குபவர்களின் தனித் தேவைக்காக இருந்த நடைமுறை அது. இலினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் கார் விற்ற ஃப்ரெட் கிப், காப்போ 9560 என்ற ஆணையின்கீழ் ஐம்பது கார்கள் கேட்டார். நேர்ப் பந்தய அமைப்பின் விதிப்படி குறைந்தது ஐம்பது கார் செய்திருந்தால்தான் போட்டியில் அனுமதி. மொத்தம் 69 இசட்எல்1 கமேரோக்கள் உருவாயின. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். சாதாரண வி8 கமேரோ முழுக் காரே மூவாயிரம் டாலருக்குள் கிடைத்த காலம். காரின் விலை 7,000 டாலரைத் தாண்டியதும் வாங்க ஆள் இல்லை. கிப் தன் ஐம்பதில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார். இன்று அந்த 69-இல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் கார் உலகமே திரும்பிப் பார்க்கிறது.

காகிதத்துக் குதிரைகள்

இப்போது தொடக்கத்தில் பார்த்த திறன் எண்களுக்குத் திரும்புவோம். 302-க்கு 290, இசட்எல்1-க்கு 430. இவற்றை எவ்வளவு நம்பலாம்?

திறன் என்பது ஒற்றை எண் அல்ல, ஒரு வளைகோடு. ஒவ்வொரு சுற்று வேகத்துக்கும் ஒவ்வொரு திறன். விளம்பரத்தில் அச்சிடுவது அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. எந்தப் புள்ளி என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. இசட்எல்1-க்கு நிறுவனம் தேர்ந்தெடுத்த புள்ளி 5,200 சுற்று. ஆனால் அந்த எஞ்சினின் கேம் ஷாஃப்ட்டும் கார்புரேட்டரும் அதற்கு மேல்தான் மூச்சுவிடத் தொடங்கும். நிஜ உச்சம் 500-ஐத் தாண்டியது. 302-க்கு 5,800 சுற்றில் 290 என்று எழுதினார்கள், கோடு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எழுதிய எண் பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. திறன் கூடக்கூட இளைஞர்களிடம் கூடுதல் பிரீமியம் கேட்ட காப்பீட்டு நிறுவனங்களும், எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரிவு ஒதுக்கிய பந்தய அமைப்பும் அந்த அடக்கத்துக்குக் காரணம்.

மறுபக்கம் மிகைப்படுத்தலும் நடந்தது. அன்றைய எண்கள் ‘மொத்தத் திறன்’. எஞ்சினை மேசையில் ஏற்றி, விசிறி, மின்னாக்கி, காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு அளந்தவை. காரில் பொருத்திய நிலையில் அளந்தால் கிடைப்பது ‘நிகரத் திறன்’. 1972-இல் அமெரிக்க நிறுவனங்கள் நிகரக் கணக்குக்கு மாறின. 1971 இசட்/28-இன் 350 எஞ்சினுக்கு மொத்தக் கணக்கில் 330 குதிரைத்திறன். 1972-இல் ஏறத்தாழ அதே எஞ்சினுக்கு நிகரக் கணக்கில் 255. தொழிற்சாலையிலிருந்து எழுபத்தைந்து குதிரைகள் ஓடிப்போய்விடவில்லை. அளவுகோல் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு 360-இலிருந்து 330-ஆகக் குறைந்தது மட்டும் நிஜமான இழப்பு: ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகச் சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் விகிதத்தைக் குறைத்தார்கள்.

எது அசல்?

நான்கு எஞ்சின், ஒரே கூடு என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சாதாரணக் கமேரோவை வாங்கி, கோடு இழுத்து, பட்டயம் ஒட்டி, இசட்/28 என்று விற்கலாம். 1969 கமேரோவின் அடையாள எண்ணைப் படித்தால் அது செவ்ரலே, வி8 கமேரோ, எந்த உடல் வகை, எந்த ஆண்டு என்று தெரியும். நார்வுட் தொழிற்சாலையில் செய்ததா லாஸ் ஏஞ்சலஸில் செய்ததா என்பதும் தெரியும். எஸ்எஸ்ஸா, இசட்/28-ஆ என்பது மட்டும் தெரியாது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் எஞ்சினின் முன்முனையில் பொறித்த எழுத்துகளைத் தேடுகிறார்கள். 1969-இன் 302 எஞ்சினுக்கு அது ‘டிஇசட்’. அதனோடு தயாரிப்புத் தேதியும் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் இருக்கும். எஞ்சின் செய்த தேதி, கார் கூட்டிய தேதிக்குச் சற்று முன்னதாக இருக்க வேண்டும். பொறித்த எழுத்தையும் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறிக்கும் கில்லாடிகள் இருப்பதால், உலோகப் பரப்பில் தொழிற்சாலை விட்ட கீறல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. கல்வெட்டு ஆய்வுக்கும் இதற்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

தீர்ப்பு

எஸ்எஸ் உசத்தியா, இசட்/28 உசத்தியா? அந்தக் கேள்வியில் பாதி விடுபட்டிருக்கிறது. எந்தச் சுற்றில், எந்தக் கியரில், எந்தப் பாதையில் என்று கேட்காதவரை பதில் கிடையாது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்ட எஸ்எஸ் 396. வளைந்து வளைந்து போகும் பந்தயப் பாதையில் இசட்/28. நல்ல டயர் மாட்டிய நேர்ப் பாதையில் இசட்எல்1-ஐ மற்ற மூவரும் நெருங்க முடியாது. அதிகம் செலவழிக்காமல் நிம்மதியாக வைத்துக்கொள்ள, யாரும் பாட்டுப் பாடாத எஸ்எஸ் 350 போதும். 302-ஐ உருவாக்கியது ஒரு பந்தய விதி. 396-ஐ நிறுத்திவைத்தது ஒரு நிறுவன விதி. அந்த விதிகளுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இயற்பியல் சொன்னது.

பைக்கோ காரோ, அடுத்தமுறை விளம்பரத்தில் ஒரு திறன் எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சுற்றில்? எவ்வளவு எடைக்கு? எப்படி அளந்தது? மூன்றுக்கும் பதில் கிடைக்காத எண்ணை வைத்து வண்டி வாங்காதீர்கள்.